ஓடிபி சொல்லும் வரை எதுவும் நடக்கவில்லை

"லைன் செக் பண்ண வந்திருக்கோம்மா." காலை பதினொன்றரை மணிக்கு, குக்கர் இரண்டாவது விசில் அடிக்கும் நேரத்தில், கிரில் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு பையன் சொல்லும் இந்த வாக்கியத்தில், இதுதான் பொய் என்று தொட்டுக் காட்ட ஒரு சொல்லும் கிடையாது. எந்த லைன், யாருடைய லைன், செக் பண்ணச் சொன்னது யார் என்று அவன் சொல்வதில்லை. கேட்கிறவர் தாமே நிரப்பிக்கொள்கிறார். ஏற்கெனவே வீட்டில் ஓடும் இணைய இணைப்பின் ஆள்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து கேட் திறக்கிறது. பத்து நிமிடம் கழித்து வேறொரு கம்பெனியின் ஆறு மாத பிளானுக்கு அந்த வீட்டில் ஒரு விண்ணப்பம் உருவாகியிருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் யோசனை, "கதவையே திறக்காதீங்க." கேட்க நன்றாக இருக்கிறது. கூரியரும் கேஸ் சிலிண்டரும் தண்ணீர் கேனும் வரும் வீட்டில் கதவைத் திறக்காமல் எப்படி இருப்பது? அதிலும் பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் வயதான அப்பா அம்மாதான். வந்தவனிடம் முகம் கொடுத்துப் பேசியே பழகிய தலைமுறை அது. இந்த யோசனை எனக்கு ஒத்துவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வியாபாரம் கதவில் நடப்பதே இல்லை. அது நடக்கும் இடம் உங்கள் கைபேசியின் குறுஞ்செய்திப் பெட்டி. காவலை அங்கே போட்டால் போதும், வாசலில் தாராளமாக ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பலாம்.

வருகிறவன் சட்டையில் இருக்கும் பெயரும் அவனுக்குச் சம்பளம் தரும் பெயரும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. இடையில் ஒரு ஏஜென்சி இருக்கும். கைக்கு வரும் சம்பளம் சிறிது, மீதி இன்சென்டிவ். பெயர் எழுதிக்கொண்டு போனால் அது வெறும் லீட், வாங்கக்கூடும் என்ற குறிப்பு மட்டும். இணைப்பு ஓட ஆரம்பித்து 'ஆக்டிவேஷன்' ஆனால்தான் காசு. மாதக் கடைசியில் அவன் பேச்சில் வேகம் கூடுவது அதனால்தான். இந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விற்பவன் ஒருவன், வயர் இழுக்க வருபவன் இன்னொருவன், பிறகு போனில் புகார் கேட்பவர் மூன்றாமவர். முதலாமவன் சொன்ன "ரெண்டு மாசம் ஃப்ரீ", "பிடிக்கலைன்னா முழுப் பணமும் ரிட்டர்ன்" எல்லாம் மூன்றாமவரின் திரையில் இருக்காது. வாய்வார்த்தையை எழுத அந்தத் திரையில் கட்டமே கிடையாது.

'பார்க்கலாம்' என்ற சொல்

தமிழில் நாம் மறுக்கும் முறை மென்மையானது. "பார்க்கலாம்ப்பா", "அப்புறம் சொல்றேன்", "அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்". பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து சீட்டுக் கம்பெனி வரைக்கும் இதெல்லாம் வேண்டாம் என்பதன் மரியாதையான வடிவங்கள். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது தெரியும். விற்பனைச் செயலிக்குத்தான் தெரியாது. அதில் 'பார்க்கலாம்' என்றால் ஃபாலோ-அப், 'அவர் வந்ததும்' என்றால் ஒரு நேரம். "சார் எத்தனை மணிக்கு வருவாரு மேடம்?" என்று அடுத்த கேள்வி வரும். ஏழு என்று சொல்லிவிட்டால் ஏழேகாலுக்குப் பெல் அடிக்கும். வருகிறவன் அதே பையனாகக்கூட இருக்க மாட்டான், அவனுடைய டீம் லீடர் நிற்பார்.

காரணம் சொல்வதும் இதே கதைதான். "இப்போ இருக்கிற நெட் நல்லாத்தான் இருக்கு" என்றால் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பான். "எண்ணூறு" என்றால் அதைவிடக் குறைந்த ஒரு தொகை அவனிடம் தயாராக இருக்கும். "கேபிள்காரர் தெரிஞ்சவர்" என்றால், அவரிடம் இல்லாத ஓடிடி பட்டியலை விரிப்பான். நீங்கள் தரும் ஒவ்வொரு காரணத்துக்கும் பயிற்சியில் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காரணமே இல்லாத மறுப்புக்குத்தான் அங்கே பதில் இல்லை. "வேண்டாம் தம்பி. நம்பர் தர மாட்டேன்." இவ்வளவுதான். முதல் முறை சொல்லும்போது நாக்கு கூசும், முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தப் பையனின் பக்கமிருந்து பார்த்தால், நாற்பது படி ஏறி வந்தவனை மூன்று முறை அலையவிடும் 'பார்க்கலாம்'தான் கொடுமை.

பெரிய குடியிருப்புகளில் வேறு கணக்கு. அங்கே சங்கத்திடம் ஒருநாள் வாடகை கொடுத்து கேட் அருகே குடை போட்டு உட்காருவார்கள். அந்த அனுமதி குடைக்கு மட்டும்தானா, மாடி ஏறி பெல் அடிப்பதற்கும் சேர்த்தா என்று சங்கம் எழுத்தில் முடிவு செய்துகொள்வது நல்லது. "அசோசியேஷன்ல சொல்லிட்டோம் சார்" என்ற வாக்கியமும் 'லைன் செக்' ஜாதிதான். 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிந்து வைத்த தொந்தரவு வேண்டாம் பட்டியல் போன் அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும். வாசல் மணி அதில் சேராது.

ஆறு இலக்கம்

"உங்க தெருவுல லைன் இருக்கான்னு மட்டும் பார்க்கிறேன், நம்பர் சொல்லுங்க மேடம்." விஷயம் திரும்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தெருவில் லைன் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் கைபேசி எண் எதற்கு? ஃபைபர் உங்கள் வீட்டுக்கு வருமா என்பதை முடிவு செய்வது அருகில் எந்தக் கம்பத்தில் பெட்டி இருக்கிறது, அதில் காலித் துளை இருக்கிறதா என்ற இரண்டும்தான். முகவரி போதும். எண் கேட்பது ஆர்டரைத் திறப்பதற்கு. எண்ணைச் சொன்னதும் குறுஞ்செய்தி வரும். அதில் ஒன்றிரண்டு வரி ஆங்கிலம், நடுவில் ஆறு இலக்கமோ நான்கு இலக்கமோ. நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த இலக்கத்தை மட்டும் வாசித்துச் சொல்வார்கள். சுற்றியிருக்கும் ஆங்கிலத்தில்தான் இந்த எண் எதற்கு என்று எழுதியிருக்கும். எண்ணைச் சரிபார்க்கவா, ஆர்டரை உறுதி செய்யவா, விதிமுறைகளை ஏற்றுக்கொண்டேன் என்று ஒப்புக்கொள்ளவா? ஆதாரின் பெயரில் வந்திருந்தால் அது உங்கள் அடையாளத்தையே எடுத்துக் கொடுப்பது. ஒரே உட்காரலில் இரண்டு மூன்று ஓடிபி வரும். முதலாவது சாதுவாக இருக்கும், அதைச் சொல்லிப் பழகிய வேகத்தில் மூன்றாவதையும் சொல்லிவிடுகிறோம். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது கண்ணாடியைத் தேடி எடுத்து வாசிக்கிறவர்கள் இதைக் கண்ணாடி இல்லாமலே வாசித்துக் காட்டுகிறார்கள். கையெழுத்தும் இதுவும் ஒன்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியது ஒரே வரி: "ஓடிபி சொன்னா கையெழுத்துப் போட்ட மாதிரி." கதவு, அந்நியர், மோசடி என்று பெரிய வகுப்பு எடுத்தால் நிற்காது. இந்த ஒரு வரி நிற்கும். அமெரிக்காவில் வாசலுக்கு வந்து 25 டாலருக்கு மேல் விற்றால் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று விதி இருக்கிறது, பிரிட்டனில் பொதுவாக 14 நாள். இங்கே அப்படி ஒரு கெடுவை நம்பி ஓடிபி சொல்ல முடியாது.

ஆதார் நகல் கேட்டால் முழு எண் தெரியும் நகல் தரத் தேவையில்லை. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். தாளில் தருவதானால் குறுக்கே "இணைய இணைப்புக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். பணம் என்றால், பையனின் சொந்த எண்ணுக்கு ஜிபே வேண்டவே வேண்டாம். கம்பெனியின் செயலி, அல்லது கம்பெனி அனுப்பும் இணைப்பு, இரண்டில் ஒன்று. "இப்போ நான் போட்டுடறேன், எனக்கு அனுப்பிடுங்க" என்பது பெரும்பாலும் உதவியாகவே சொல்லப்படும். ஆனால் நாளை ரசீது கேட்டால் அது அவன் பெயரில்தான் இருக்கும்.

499 என்றால் 588.82

இணையக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அவன் காட்டும் விளம்பர அட்டையில் 499 ரூபாய் என்றால் பில் 588 ரூபாய் 82 காசு. ஆறு மாதம் முன்பணம் என்றால் 2,994 அல்ல, 3,532.92. வாசலில் பேசும்போது வரியை விட்டுச் சொல்வது வழக்கம், பொய்யும் அல்ல. அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும். "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்பதும் அப்படித்தான். பெரும்பாலும் அது ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாகக் கட்டுகிறவருக்கு. மாதாமாதம் கட்டினால் தனியாக ஒரு தொகை உண்டு. அந்தத் தொகை டெபாசிட்டா, கட்டணமா என்று கேளுங்கள். டெபாசிட் திரும்பும், கட்டணம் போனது போனதுதான். ரூட்டர் யாருடையது, இணைப்பை விட்டால் திருப்பித் தர வேண்டுமா, தொலைந்தால் எவ்வளவு என்பதும் இதே மூச்சில் கேட்க வேண்டியவை.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கும் ஒரு வேலி உண்டு. பல வீட்டுப் பிளான்களில் அது மாதம் 3,300 ஜிபி அளவில் நிற்கும், அதைத் தாண்டினால் வேகம் குறையும். சாதாரணக் குடும்பம் அந்த வேலிப் பக்கமே போகாது என்பதால் இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. சண்டை போட வேண்டியது டிவி விஷயத்தில். "கேபிளை கட் பண்ணிடுங்க சார், எல்லா சேனலும் இதுலேயே வருது" என்பார்கள். இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒட்டி வருகின்றன. ஓடிடி செயலிகள் ஒன்று. செயலி வழியாக வரும் நேரலைச் சேனல்கள் இரண்டாவது. செட்டாப் பாக்ஸில் வரும் உண்மையான சேனல் தொகுப்பு மூன்றாவது. அம்மா பார்க்கும் எட்டரை மணி சீரியல் எதில் வருகிறது? சேனல்களின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். ஓடிடியிலும் மொபைலில் மட்டும் ஓடும் வகை, விளம்பரத்தோடு வரும் வகை என்று பிரிவுகள் உண்டு. அட்டையில் இருக்கும் சின்னம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான்.

கேபிள் பில்லோடு ஒப்பிடும்போது ஒரு பழைய கணக்கு நினைவில் இருப்பது நல்லது. 200 சேனல் வரைக்குமான அடிப்படை இணைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய், வரியோடு 153.40 என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் எடுக்கப்பட்டுவிட்டது. "கவர்மென்ட் ரேட் சார்" என்று யாராவது சொன்னால், அது எந்த வருடத்து ரேட் என்று கேட்கலாம். 2003 செப்டம்பரில் சென்னைக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமாக வந்த நாளிலிருந்து இந்த ஊர் எத்தனையோ பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டது. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொன்றுக்கு உதவாது என்பது அன்றும் இன்றும் ஒன்றே.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 எம்பி இறங்கும். எட்டால் வகுக்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. மூன்று பேர் மூன்று அறையில் பார்த்தாலும் 100 தாராளம். "இப்போ இருக்கிறது ஸ்லோவா இருக்கா மேடம்? முந்நூறுக்கு மாத்திடலாம்" என்பவனிடம் மாறினாலும் பின்னறையில் அதே ஸ்லோதான் இருக்கும், ஏனென்றால் அங்கே குறுக்கே நிற்பது ஒன்பது அங்குலச் சுவர். ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவர் தாண்டாது. 2.4 தாண்டும், வேகம் குறைவு. பழைய ரூட்டரில் கம்பி சொருகும் லேன் துளை 100-க்கு மேல் தராது. கம்பெனி மாற்றுவதற்கு முன் ரூட்டரை ஹாலுக்கு நடுவே உயரமாக மாற்றிப் பாருங்கள். செலவு இல்லை.

ஃபைபரா, ஏர்ஃபைபரா

2023-இல் இருந்து இந்தக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. வாசலில் 'ஃபைபர்' என்று சொல்லி எழுதப்படுவது சில சமயம் ஏர்ஃபைபர். முன்னதில் கண்ணாடி இழை வீட்டுக்குள் வரும். பின்னதில் மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி சிக்னலைப் பிடித்துக் கீழே இறக்குவார்கள். கம்பி வராத தெருவுக்கு அது நல்ல தீர்வு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அருகிலிருக்கும் டவரை ஊரோடு பகிர்ந்துகொள்வது. மாலையில் வேகம் இறங்கலாம், எதிரே நான்கு மாடி எழும்பினால் சிக்னல் மாறலாம். வாடகை வீட்டில் மொட்டை மாடியில் துளையிட வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்: "மாடியில ஏதாவது மாட்டுவீங்களா?"

கேட்க வேண்டிய இன்னொன்று கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. ஒரு இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்குத் தரும் உண்மையான ஜிபான் ஃபைபரில் கம்பெனியின் கருவிக் கூடத்திலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் மின்சாரம் தேவையில்லை, பிரிப்பான்கள் வெறும் கண்ணாடி. வீட்டு ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டால் நெட் ஓடும். சில உள்ளூர் இணைப்புகளில் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இணைப்பைப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் என்ற மின்பெட்டி இருக்கும், அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ்ஸால் பயனில்லை. வீட்டில் கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்ப்பவர்கள் பப்ளிக் ஐபி, அதாவது இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி, கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். பல இணைப்புகளில் ஒரே முகவரியை நிறைய வீடுகள் பகிர்வதால், வெளியிலிருந்து நேரே அந்த முகவரிக்கு வந்து பார்க்கும் பழைய டிவிஆர்கள் (கேமராப் பதிவுப் பெட்டிகள்) வேலை செய்யாது. தரைவழி எண்ணைப் புதிய கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம். கைபேசி எண்ணுக்கு இருக்கும் அந்த வசதி நம் நாட்டில் லேண்ட்லைனுக்கு இல்லை.

எல்லாம் பார்த்து விரும்பியே எடுத்தாலும், பொருத்த வரும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள். இழையை ஜன்னல் சந்தில் நசுக்கிக் கொண்டுவருவதும், மூலையில் செங்கோணமாக மடிப்பதும்தான் பின்னால் வரும் பாதித் தொல்லைக்குக் காரணம். வளைவு உள்ளங்கை அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ரூட்டரில் ஆப்டிகல் பவர், அதாவது இழை வழியே வந்து சேரும் ஒளியின் வலு, எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் சரி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் அடுத்த மழைக்கு, சிக்னல் வரவில்லை என்று காட்டும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு மின்னும். போகும்போது அவரும் ஒரு ஓடிபி கேட்பார். அது வேலை முடிந்தது என்பதற்கான உங்கள் சம்மதம். எல்லா அறையிலும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பழைய இணைப்பை ஒரு வாரம் கழித்து மூடலாம்.

சொல்லிவிட்டால்

ஓடிபி போய்விட்டது, பிறகுதான் புரிந்தது என்றால் அன்றைக்கே செய்ய வேண்டியவை இருக்கின்றன. பையனைக் கூப்பிட வேண்டாம், அவன் "கேன்சல் பண்ணிட்டேன் மேடம்" என்பான். கம்பெனியின் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசி, ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். அதையே மின்னஞ்சலிலும் ஒரு வரி போட்டு வையுங்கள். மறுநாள் வயர் இழுக்க ஆள் வருவார். அவரை உள்ளே விடாமல், பொருத்தி முடித்ததற்கான ஓடிபியைத் தராமல் இருந்தால் ஆக்டிவேஷன் நடப்பது கடினம். அவர்மேல் கோபப்பட வேண்டாம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆதாரும் கொடுத்திருந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கைபேசி எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள், தெரியாதது இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். வந்தவன் கம்பெனி ஆளே இல்லை, பணமும் போய்விட்டது என்றால் அது வேறு வழக்கு. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

பணம் கட்டி, திரும்ப வரவில்லையென்றால் படிகள் உண்டு. முதலில் கம்பெனியின் புகார் மையம். பதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி, அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இடையில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தொலைத்தொடர்பு வழக்கு அங்கே நிற்காது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிற்கும் என்று சொல்லிவிட்டது. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "எழுத்தில் என்ன இருக்கிறது?" அதனால்தான் வாசலிலேயே, "நீங்க சொன்னதை எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்புங்க, தொகை வரியோட" என்று கேட்கச் சொல்வது. அனுப்புகிறவனிடம் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் போட முடியாது சார், என்னை நம்புங்க" என்கிறவனிடம் பேச்சு முடிந்தது.

உண்மையிலேயே புது இணைப்பு தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. ராத்திரி ஒன்பது மணிக்கு, அதே கம்பெனியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் போய் வேகம் அளந்து பாருங்கள். உங்களுக்கும் அதே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான் வரப்போகிறது. அது பிடித்திருந்தால் மாதக் கடைசி இரண்டு நாளில் நீங்களே அந்தப் பையனைக் கூப்பிடுங்கள். இன்ஸ்டலேஷன் கட்டணம் எழுத்திலேயே தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம், டார்கெட்டுக்கு ஒன்று குறைகிறது என்று அவனே சொல்வான்.